கரைக் கெண்டை, நடுக் கெண்டை

நாசரேத்
23 ஜூன் 2025

அத்தானுக்கு,

தாளின் தலையில் ஸ்தோத்திரம் எழுதித்தான் எங்கள் வீட்டில் கடிதம் தொடங்குவோம். இன்று கை வரவில்லை, ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நான் கத்துவேன், நீங்கள் "ம்" என்பீர்கள். அந்த "ம்" கேட்க எனக்குத் தெம்பில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

சனிக்கிழமை அக்காவின் மீன் பாட்டில்களை எடுத்துப்போக மாப்பிள்ளையூரணி வந்தேன். நீங்கள் ஹார்பரில் டியூட்டி. உங்கள் அக்கா சந்தனச்செல்வி மைனிதான் கதவைத் திறந்தார்கள். பின்னறை அலமாரி துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. "பாட்டிலா? மாடியில காயுது பாரு, எல்லாத்தையும் தம்பி கழுவிட்டான்" என்றார்கள். போய்ப் பார்த்தேன். கல்யாண வீட்டு டம்ளர் மாதிரி அத்தனையும் கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்றிலும் லேபிள் இல்லை. மீனெல்லாம் எங்கே என்று கேட்டால், குளியலறைப் பக்கம் ஒரு நீல டிரம்மைக் காட்டினார்கள். மூடியைத் திறந்தேன். எல்லாம் ஒன்றாகக் கிடந்தது.

அத்தான், உங்களுக்கு ஒரு தடவைகூடக் காதில் ஏறாததால் மறுபடியும் எழுதுகிறேன். நெடுமடைக்குளத்தில் இருந்தது ஒரே கெண்டை. ஆனால் கரையோரக் கல்லிடுக்கில் மேய்ந்த கெண்டை நத்தையை உடைத்துத் தின்றது. அதன் வாய் கீழே பார்க்கும், உதடு தடித்திருக்கும். குளத்து நடுவில் திரிந்த கெண்டை தண்ணீரில் மிதக்கும் பொடிப்பூச்சியைத் தின்றது. அதன் வாய் மேலே பார்க்கும். ஒரு குளம், ஒரு மீன், சாப்பாடு வேறாகி முகமும் வேறாகிக்கொண்டு வந்தது. அதைத்தான் அக்கா தன் பிஎச்.டி. ஆராய்ச்சிக்காக ஆறு வருடம் வலை போட்டுப் பிடித்து, கரை, நடு என்று லேபிள் ஒட்டி வைத்திருந்தாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குளம் உடைந்து கெண்டையெல்லாம் வயலுக்கும் ரோட்டுக்கும் போன பிறகு அந்த மீன்களை மறுபடி பிடிக்க வழியில்லை. பாட்டிலில் இருந்ததுதான் மிச்சம். அதில் எது கரை, எது நடு என்று இனி யார் சொல்வது?

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே ஒரு நாள் சொன்னீர்கள், "கொழம்புல போட்டா ரெண்டும் ஒண்ணுதானளா" என்று. அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இப்போது நிஜமாகவே குழம்பாக்கிவிட்டீர்கள். சந்தோஷமா?

ஏன் செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெபிஷா

*

மாப்பிள்ளையூரணி
2 ஜூலை 2025

ஜெபிஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

நான் உன்னைக் கூப்பிடவில்லை. அதனால் நீ தடுத்து வைத்தது எனக்குத் தெரியாது.

உன் அக்காவை நாசரேத்தில் அடக்கம் செய்தீர்கள். அது அவள் கேட்டது, நானும் சரி என்றேன். ஆனால் எங்கள் ஆட்கள் பதினாறாம் நாள் விசேஷம் செய்யாமல் விடமாட்டோம் என்றார்கள். அதற்கும் சரி என்றேன். அந்த நாட்களில் யார் எது கேட்டாலும் சரி என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் தேங்கி நின்ற தண்ணீர் விசேஷத்துக்கு முன்னால் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது. குடம், அண்டா, மேல்தொட்டி, பிரிட்ஜில் இருக்கிற தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பதினைந்தாம் நாள் சந்தனச்செல்வி அக்கா என்னிடம், "ஏலே, வீட்டுல நின்ன தண்ணி ஒண்ணுவிடாம கொட்டிரணும்லா. வேற ஆளு தொடப்பிடாது, நீதான் செய்யணும்" என்றாள். ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டே வந்தேன். சமையலறை முடிந்தது, குளியலறை முடிந்தது. பின்னறைக்குப் போனேன். அலமாரி நிறைய பாட்டில். பாட்டில் நிறையத் தண்ணீர்.

அது மீன் கெடாமல் இருக்க ஊற்றுகிற மருந்து என்று எனக்குத் தெரியும். உன் அக்காவுக்கு எத்தனையோ தடவை நானே கலந்து கொடுத்திருக்கிறேன், ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். ஆனால் அன்றைக்குக் கை கொட்டிக்கொண்டே வந்தது, அதனால் கொட்டினேன். மீனைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் சொன்னாள், "மருந்து வத்தாம பாத்துக்கிடுங்க" என்று. அதனால் டிரம்மில் புதிதாக மருந்து கலந்து எல்லாவற்றையும் அதில் போட்டேன். லேபிளைப் பார்க்கவில்லை. பாட்டில் என்றால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று நினைத்தேனே தவிர வேறு நினைப்பு இல்லை.

நீ ஏன் என்று கேட்டாய். இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

கொட்டும்போது ஃபார்மலின் நெடியில் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. அக்காவும் மற்றவர்களும் வந்து பார்த்துவிட்டு, "இப்பவாது அழுதானே, அழட்டும்" என்று விலகிப் போனார்கள். நான் அழவில்லை. அதை அவர்களிடம் சொல்லவும் இல்லை.

வேலைக்குப் போகிறேன். கிரேன் கேபினில் உட்கார்ந்து பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்துக் கரையில் வைக்கிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்பதில்லை. சாப்பாடு அக்கா செய்கிறாள்.

முத்துச்செல்வம்

*

நாசரேத்
9 ஜூலை 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கிழித்துப்போட நினைத்தேன். அடுத்த தடவை படித்துவிட்டு பைபிளுக்குள் வைத்துவிட்டேன். பைபிளில் வைத்ததால் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் கரண்டு பில்லும் அதற்குள்தான் இருக்கிறது.

நேற்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து ஹென்றி சாரைப் பார்த்தேன். அக்காவுக்கு கைடாக இருந்தவர். உங்களுக்கு ஞாபகமிருக்கும், அடக்கத்துக்கு வந்து குடையை விட்டுவிட்டுப் போனார். உள்ளதைச் சொன்னேன்.

அவர் ஆரம்பத்திலிருந்தே முழுதாக நம்பவில்லை, அத்தான். அது அக்காவுக்குத் தெரியும். உங்களிடம் சொன்னாளோ என்னவோ. போன வருடம் அவள் மீன்களைப் பரப்பிக் காட்டியபோது இவர் சொன்னாராம், "ஜெஸ்லின், லேபிளைப் பாத்துட்டு வாயைப் பாத்தா எல்லா வாயும் லேபிள் மாதிரித்தான் தெரியும். கரைன்னு எழுதியிருக்கிறதால உங்களுக்கு உதடு தடிச்சித் தெரியுது" என்று. அக்கா அன்றைக்கு நேரே நாசரேத்துக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, "ஏளா ஜெபி, நான் இல்லாததைப் பாக்குதேனா?" என்று கேட்டாள். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தவளை வரைந்து காட்டுகிறவள், எனக்கு என்ன தெரியும்? "இல்லக்கா, இருக்கு" என்று சும்மா சொன்னேன். அவளுக்கு அது சும்மா என்று தெரிந்துவிட்டது.

குடலை அறுத்துப் பார்த்து, யார் என்ன தின்றது என்று மீன் மீனாக ஒப்பிட்டால் சந்தேகம் தீரும் என்று அவள்தான் சொன்னாள். அதற்குள் கணையத்தில் கட்டி என்றார்கள். அடுத்து ஆஸ்பத்திரி, அடுத்து கல்லறைத் தோட்டம்.

அவள் இல்லாததைப் பார்க்கவில்லை என்று யாராவது ஒரு ஆள் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது யாரும் சொல்லவில்லை. செத்த பிறகாவது சொல்ல வைக்கலாம் என்று இருந்தேன். அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஹென்றி சார், "லேபிள் இல்லாம நான் என்னம்மா பண்ண முடியும்?" என்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

டிரம்மை என்ன செய்வதென்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள், தெருவுக்கே கண் போய்விடும்.

ஜெபிஷா

*

மாப்பிள்ளையூரணி
20 ஜூலை 2025

ஜெபிஷாவுக்கு,

ஹென்றி சார் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. என்னிடம் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிகிறது. குழம்பு பற்றி நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா அவளது ஊர் ஆழ்வார்திருநகரிக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். டிரம் மூடி சரியாக உட்காரவில்லை, நெடி வந்தது. சரியாக மூடலாம் என்று திறந்தேன். மேலாகக் கிடந்த ஒரு மீனை எடுத்தேன். கழுவி ஒரு தட்டில் வைத்துப் பார்த்தேன். அடுத்து இன்னொன்று எடுத்தேன்.

நான் கெண்டையைத் தட்டில்தான் பார்த்திருக்கிறேன், குழம்போடு. அதன் முகத்தைப் பார்த்ததில்லை. ஒன்று சிடுசிடு என்று கீழே பார்க்கிற மாதிரி இருந்தது. பென்ஷன் ஆபீஸ் கிளார்க் மாதிரி. இன்னொன்று வாயை மேலே தூக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்கு நிமிர்ந்து பார்க்கிற மாதிரி. முதலில் எனக்கு அது சும்மா தெரிகிறது என்று நினைத்தேன். ஐந்தாறு எடுத்து வைத்த பிறகு, சும்மா இல்லை என்று தோன்றியது. பிறகு எனக்கு வேறு வேலை இல்லாததால் எல்லாவற்றையும் எடுத்தேன்.

துணி நனைக்கிற இரண்டு பேசினில் பிரித்துப் போட்டிருக்கிறேன். கீழே பார்ப்பது பச்சை பேசினில். மேலே பார்ப்பது சிவப்பு பேசினில். எது என்று எனக்குப் பிடிபடாதவை கொஞ்சம் இருந்தன, அவை ஒரு சருவச்சட்டியில். கையில் உறை போட்டுக்கொண்டேன், உன் அக்கா பெட்டியில் இருந்தது. எனக்குச் சின்னதாக இருந்தது, விரல் நுனி கிழிந்துவிட்டது.

நான் கெடுத்ததை நானே சரி பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை. பிரித்திருக்கிறேன், அவ்வளவுதான். உனக்கு வேண்டுமென்றால் பச்சையில் இருப்பதைக் கரை என்றும் சிவப்பில் இருப்பதை நடு என்றும் எழுதிக்கொள்ளலாம். வந்து எடுத்துப் போ. இல்லையென்றால் எங்களோடு ஹார்பரில் வேலை பார்க்கிற அனிஷ் தினமும் நாசரேத்திலிருந்துதான் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

எனக்குத் தூக்கம் பரவாயில்லை. ஏதாவது ஒன்றைப் பார்த்தால் அது என்ன என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. மீன் விஷயத்தில் மட்டும் உடனே உறைத்தது.

முத்துச்செல்வம்

*

நாசரேத்
25 ஜூலை 2025

அத்தானுக்கு,

பச்சை பேசினாம், சிவப்பு பேசினாம். நீங்கள் முகத்தைப் பார்த்துப் பிரித்ததை நான் அப்படியே லேபிள் எழுதி ஹென்றி சாரிடம் கொண்டுபோனால் அவர் சிரிப்பார். முகம் இரண்டு விதம் என்று நிரூபிக்க, முகத்தை வைத்தே பிரித்தேன் என்றால், அடுப்பில் சோறு இருக்கிறதா என்று சோற்றிடமே கேட்ட கதைதான்.

இப்படித் திட்டி எழுதி மடித்துக் கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு வகுப்புக்குப் போய்விட்டு வரும் வழியில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். கவரைக் கிழித்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மேலே உள்ளதை அடிக்கவில்லை, அதுவும் இருக்கட்டும்.

அத்தான், நீங்கள் லேபிளைப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு லேபிள் தெரியும், அதனால் அவள் கண்ணை நம்ப முடியாது என்றார் ஹென்றி சார். உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு மீனும் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நீங்கள். நீங்கள் உட்கார்ந்து இரண்டாகப் பிரித்திருக்கிறீர்கள் என்றால், அங்கே பிரிக்க ஏதோ இருந்திருக்கிறது. அது சரியா தப்பா என்று சொல்ல இன்னொன்று பாக்கி இருக்கிறது, குடல். கரையில் மேய்ந்ததன் குடலில் நத்தை ஓடு இருக்கும். நடுவில் மேய்ந்ததன் குடலில் இருக்காது. அது லேபிளைக் கழுவினாலும் போகாது.

குடலை நான் அறுக்கிறேன். ஆனால் எனக்கு மீனின் முகம் தெரியக்கூடாது, நீங்கள் எதை எந்தப் பேசினில் போட்டீர்கள் என்பதும் தெரியக்கூடாது. தெரிந்தால் நானும் எனக்கு வேண்டியதைத்தான் பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மருந்து நெடி போக மீன்களை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பச்சை பேசின் மீனுக்குச் செவுளுக்குள் ஒரு துண்டு கறுப்பு நூல். சிவப்பு பேசின் மீனுக்கு வெள்ளை நூல். பிடிபடாததற்கு நூல் வேண்டாம். பிறகு ஒவ்வொரு மீனுக்கும் தலையைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள், வயிறு மட்டும் வெளியே இருக்கட்டும். எல்லாத் துணியும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து அனிஷிடம் கொடுங்கள்.

பாட்டிலைக் கழுவிய மாதிரி இதையும் யோசிக்காமல் செய்யுங்கள், அது உங்களுக்கு நன்றாக வரும்.

தப்பாகப் போனால் அக்கா இல்லாததைப் பார்த்தாள் என்று ஆகிவிடும். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அத்தான்.

ஜெபிஷா

*

மாப்பிள்ளையூரணி
12 ஆகஸ்ட் 2025

ஜெபிஷாவுக்கு,

அனிஷிடம் இரண்டு வாளி கொடுத்திருக்கிறேன். நனைத்த சாக்கு போட்டு மூடியிருக்கிறது. பைக்கில் குலுங்காமல் கொண்டு வரச் சொன்னேன். "உள்ள என்ன அண்ணாச்சி?" என்றான். மீன் என்றேன். "நாசரேத்துல மீன் கெடைக்காதாக்கும்?" என்று கேட்டான்.

நூல் அவளுடைய தையல் டப்பாவில் இருந்தது. துணிக்குத்தான் யோசனையாக இருந்தது. ஒரே நிறத்தில் அவ்வளவு துணி வீட்டில் இல்லை. பிறகு கோடி ஞாபகம் வந்தது. விசேஷத்தன்று எங்கள் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு புது வேட்டி என் மேல் போர்த்திவிட்டுப் போனார்கள். பீரோவில் அடுக்கி வைத்திருந்தது. எல்லாம் வெள்ளை. கரையை வெட்டிவிட்டு நாடா நாடாவாகக் கிழித்தேன்.

அக்கா பார்த்துவிட்டாள். "கோடித் துணியை மீனுக்குச் சுத்துதியே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினாள். "இது அவளோட மீன்" என்றேன். பிறகு அவளும் உட்கார்ந்து கிழித்துக் கொடுத்தாள். கிழிக்கும்போது, "பொண்டாட்டி செத்தவனுக்கு மாமனார் வீட்டுக் கோடிதான் முதல்ல விழணும். அவிய ஒரு முழம் போடலையே" என்று ஒரு தடவை சொன்னாள். உங்களில் அந்த வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னதை எழுதுகிறேன், வேறு ஒன்றும் இல்லை.

தலையில் துணி சுற்றிக் கட்டி வரிசையாக வைத்தபோது பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் உன் அக்காவுக்கும் தாடையைத் துணியால் கட்டினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நேற்றுதான் அது அவள் முகம் என்று தோன்றியது. கட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் வெளியே போய் நின்றேன். பிறகு வந்து மிச்சத்தைக் கட்டினேன்.

தப்பாகப் போனால் என் பிரிப்பு தப்பு என்று ஹென்றி சாரிடம் சொல்லு. அவள் கண் தப்பு என்று சொல்ல வேண்டாம். கண் தெரியாதவன் பிரித்தான் என்று சொல்லிக்கொள்.

முத்துச்செல்வம்

*

நாசரேத்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எழுதிவிட்டேன் பாருங்கள்.

பதில் எழுதத் தாமதம். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் சாயங்காலம்தான் அறுக்க முடிந்தது. காவலாளி முத்துக்கனி அண்ணாச்சி தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இம்புட்டு மீனுக்கும் காயமா? ஒவ்வொண்ணும் தலையில கட்டு போட்டிருக்கே" என்பார். ஆமாம் அண்ணாச்சி, பைக்கில் விழுந்துவிட்டது என்றேன். அனிஷைப் பற்றி ஊரில் வேறு மாதிரிப் பேச்சு வந்தால் நான் பொறுப்பில்லை.

வயிற்றை மட்டும் கீறிக் குடலை எடுத்து லென்ஸில் பார்த்தேன். சிலதில் உடைந்த நத்தை ஓடு, முட்டைத் தோடு நொறுங்கிய மாதிரி. சிலதில் பழுப்பாகக் களி மாதிரி. அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பொடிப்பூச்சியின் கால் காலாகத் தெரிந்தது. நத்தை தின்றதை ஒரு தட்டிலும் பூச்சி தின்றதை ஒரு தட்டிலும் வைத்தேன். குடல் காலியாக இருந்ததைத் தனியாக எடுத்துவிட்டேன். தலைத் துணியை ஒன்றில்கூட அவிழ்க்கவில்லை. ஒரு மீனுக்கு முடிச்சு தானாக அவிழப் பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினேன்.

அப்படியே இரண்டு தட்டையும் ஹென்றி சாரிடம் கொண்டுபோனேன். துணியை அவிழ்க்க வேண்டியது நீங்கள்தான் சார் என்றேன். நத்தை தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவிழ்த்துச் செவுளைத் தூக்கினார். கறுப்பு நூல். அடுத்ததும் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் நூல் நிறத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் "வெள்ளை" என்றார். பிறகு மறுபடி கறுப்பு. பூச்சி தட்டில் அதே மாதிரி, வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. நடுவில் எப்போதாவது ஒரு கறுப்பு. நூல் இருந்ததில் பத்து மீனை எடுத்தால் ஒன்பது நீங்கள் பிரித்தபடியே இருந்தது, அத்தான்.

எல்லாவற்றையும் அவிழ்த்த பிறகு அவர் கேட்டார், "இத யாரு பிரிச்சது?" ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற எங்கள் அத்தான் என்றேன். "அவருக்கு மீன் பத்தித் தெரியுமா?" தின்னத் தெரியும் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கறுப்பு நூல் மீனையும் ஒரு வெள்ளை நூல் மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "ஜெஸ்லின் பாத்தது இருக்கும்மா. நெசமாவே இருக்கு. நான்தான் பாக்கல்ல."

அவர் முன்னால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அக்கா சாப்பிடாமல் படுத்துக்கிடந்த அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

இழந்தது இழந்ததுதான். எந்த மீன் எந்த மாதம் பிடித்தது, அவள் குறித்துவைத்த எந்த அளவு எந்த மீனுக்குச் சொந்தம் என்பதெல்லாம் போய்விட்டது. செத்தவளுக்குப் பட்டம் கிடையாது. ஆனால் கட்டுரை போடலாம், அவள் பெயர்தான் முதலில் வரும் என்கிறார். லேபிள் எப்படிப் போனது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டுமாம். அந்தப் பகுதியை நான் எழுதினேன். பதினைந்தாம் நாள் கணவர், வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார், மீன்களைக் கொட்டவில்லை என்று எழுதியிருக்கிறேன். சார் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

மீன்களை நத்தை, பூச்சி, குடல் காலி என்று தனித்தனியாகக் கட்டித் திருப்பி அனுப்புகிறேன். பாட்டிலில் போட்டுக் கொடுத்தால் கல்லூரி அலமாரியில் நிரந்தரமாக வைப்பார்களாம். ஒவ்வொன்றுக்கும் புதுச் சீட்டு எழுத வேண்டும். மீன், குளம், கரையா நடுவா, சேகரித்தவர். கெட்டி வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டினால் நீங்கள் கழுவிவிடுவீர்கள்.

வாளிக்கு மேலே ஒரு பொட்டலம் இருக்கும். அதில் ஒரு வேட்டி. எங்களில் வழக்கமில்லைதான். கிழித்ததற்குப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சந்தனச்செல்வி மைனி என்ன பெயர் வைக்கிறார்களோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாதான் கடைக்கு வந்து கரை பார்த்து எடுத்தாள்.

நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிட்டால் எடுப்பேன்.

அன்புடன்,
ஜெபிஷா

*

மாப்பிள்ளையூரணி
21 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெபிஷாவுக்கு,

போன் பண்ணலாம் என்று எடுத்தேன். நீ சொன்ன மாதிரி "ம்" மட்டும்தான் வரும் என்று தோன்றியது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

வேட்டி வந்தது. அக்கா அதை வாங்கி என் தோளில் போட்டாள். அதைத்தான் கட்டியிருக்கிறேன்.

மாடியில் பாட்டில்கள் அன்றைக்குக் கவிழ்த்தபடியே இருந்தன. மழையும் வெயிலும் பட்டுத் தூசி பிடித்திருந்தது. நிமிர்த்தித் துடைத்து மருந்து ஊற்றி மீன்களைப் போட்டு மூடினேன். இந்த வீட்டில் இத்தனை நாளாக நான் குடத்தில்கூடத் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை, குழாயைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது குடமும் நிரப்பி வைத்திருக்கிறேன்.

சீட்டு எழுதுவதற்குத் தாளையும் பென்சிலையும் மாடிக்கு எடுத்துப் போனேன். கெண்டை. நெடுமடைக்குளம். கரை. சேகரித்தவர் ஜெஸ்லின். அடுத்த சீட்டு. கெண்டை. நெடுமடைக்குளம். நடு. சேகரித்தவர் ஜெஸ்லின்.

நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஜெபிஷா. கல்யாணமான நாளிலிருந்து "ஏளா" என்றுதான் கூப்பிடுவேன். அவள் பெயரை நான் எழுதினதும் இல்லை. ஆஸ்பத்திரியில்கூட அந்தத் தாளையெல்லாம் நீதான் நிரப்பினாய். எழுத எழுத அது அவள் பெயர் என்று எனக்கு உறைத்தது. பாதிக்கு மேல் வந்தபோது எழுத முடியவில்லை. அழுதேன். மருந்து டிரம் கீழே இருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது, மாடியில் நெடி இல்லை, கடல் காற்றுதான். அக்கா படியேறி வந்து பார்த்துவிட்டு, இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். அழுது முடித்துவிட்டு மிச்சச் சீட்டையும் எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், ஹென்றி சாரிடம் சொல்லிவிடு.

சருவச்சட்டியில் இருந்த மீன்களில், எனக்கும் முகம் பிடிபடாமல் உனக்கும் குடல் காலியாக இருந்தவற்றைக் கடைசியாக எழுதத் தொடங்கினேன். கரையா நடுவா என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். யார் பிடித்தது என்பது தெரியும், அதை எழுதுகிறேன்.

தாள் தீர்ந்துவிட்டது. அதில் இன்னும் கொஞ்சம் மீன் பாக்கி. வரும்போது வாங்கி வா.

முத்துச்செல்வம்